லைன் சூப்பர்வைசரைத் தேர்ந்தெடுக்க எதை அளப்பது: ஆளுமையையா, உணர்வுத் திறனையா?

ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நாற்பது டெய்லர்கள் அமர்ந்து தைக்கும் ஒரு லைனுக்குப் புதிய சூப்பர்வைசர் தேவைப்படுகிறார் என்று கொள்வோம். இருவரின் பெயர் அடிபடுகிறது. ஒருவர் ஓவர்லாக் இயந்திரத்தில் அந்த லைனிலேயே வேகமான கை, கலகலப்பாகப் பேசுபவர், மேலாளர் தளத்துக்கு வரும்போதெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்பவர். மற்றவர் செக்கிங் மேசையில் இருப்பவர், அதிகம் பேசாதவர், பண்டில் (வெட்டிய துணிக்கட்டு) கணக்கு அவரிடம் ஒரு நாளும் தப்பியதில்லை, புதிதாகச் சேர்ந்த பெண்கள் விடுப்புக் கேட்கப் போவதற்கு முன் இவரிடம்தான் வந்து யோசனை கேட்கிறார்கள். மனிதவள அலுவலரின் மேசையில் மூன்று கொட்டேஷன்கள் கிடக்கின்றன. ஒன்று ஆளுமைத் தேர்வுக்கு, இன்னொன்று உணர்வுசார் நுண்ணறிவுத் தேர்வுக்கு, மூன்றாவது சூப்பர்வைசர்களுக்கான மென்திறன் பயிற்சிக்கு. மூன்றையும் வாங்கப் பணம் இல்லை.

வழக்கமாக என்ன நடக்கும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மூன்று கொட்டேஷன்களும் கோப்புக்குள் போய்விடும். வேகமான கை சூப்பர்வைசராகிவிடும். அதில் ஒரு நியாயமும் இல்லாமல் இல்லை, ஏனென்றால் நன்றாக உழைத்தாலும் பதவி கிடைக்காது என்று தெரிந்துவிட்டால் வேகமாகத் தைப்பதற்குப் பலருக்கு ஆர்வம் இருக்காது. ஆனால் அந்த நியாயத்துக்கு நிறுவனம் கொடுக்கும் விலை சிறியதன்று. அமெரிக்காவின் 131 நிறுவனங்களில் விற்பனைப் பிரிவுகளை ஆராய்ந்து ஆலன் பென்சன், டேனியெல் லி, கெல்லி ஷூ ஆகிய மூவர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் விற்றவர்களே மேலாளர்களாக உயர்த்தப்பட்டார்கள் என்பதும், அப்படி உயர்த்தப்பட்டவர்களின் கீழ் வேலை செய்தவர்களின் விற்பனை குறைந்தது என்பதும் ஒருசேரத் தெரியவந்தன. சீனியாரிட்டி பார்த்துப் பதவி கொடுப்பதும் இதைவிட மேலானதாகத் தெரியவில்லை. பணியாளர் தேர்வு முறைகளைப் பற்றிய பல்லாண்டு ஆய்வுகளைப் பால் சாக்கெட்டும் உடனாய்வாளர்களும் 2022இல் மறுகணக்கிட்டபோது, ஒருவரின் அனுபவ ஆண்டுகளுக்கும் அவருடைய பணித்திறனுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.07 அளவிலேயே நின்றது. கெழு 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை; 0.07 என்பது ஏறக்குறைய நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

ஆகவே கைவேகத்தையும் ஆண்டுக் கணக்கையும் ஓரமாக வைத்துவிட்டு, அந்த மூன்று கொட்டேஷன்களைப் பிரித்துப் பார்ப்பதே பொருத்தம்.

ஆளுமை அளவீட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் 1936இல் ஓர் ஆங்கில அகராதியிலிருந்து மனிதர்களை வேறுபடுத்திக் காட்டும் ஏறத்தாழ 18,000 சொற்களைத் தொகுத்தார்கள். அடுத்து வந்த ஆய்வாளர்கள் அந்தக் குவியலைப் பல வழிகளில் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் ஐந்து பெருங்கூறுகளில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்: பொறுப்புணர்வு, புறமுக நாட்டம் (பிறரோடு கலகலப்பாகப் பழகும் இயல்பு), இணக்கம், மனச்சலனம், புதியவற்றுக்கு இடம் கொடுக்கும் மனம். கோஸ்டாவும் மெக்ரேயும் 1992இல் வெளியிட்ட 240 கேள்விகள் கொண்ட வினாத்தாள் இவற்றை அளக்கும் கருவிகளுள் பெயர்பெற்றது. காசு கொடுக்காமலே பயன்படுத்தக்கூடிய, பொதுவெளியில் விடப்பட்ட வினாக்களும் உள்ளன. சிறு நிறுவனங்களுக்கு இது சாதாரண விஷயமன்று.

தலைமைக்கும் இந்த ஐந்துக்கும் உள்ள தொடர்பை டிமதி ஜட்ஜும் மூன்று உடனாய்வாளர்களும் 2002இல் தொகுத்தார்கள். புறமுக நாட்டத்துக்கு 0.31, பொறுப்புணர்வுக்கு 0.28, புதியவற்றுக்கு இடம் கொடுப்பதற்கு 0.24, மனச்சலனத்துக்கு எதிர்த்திசையில் 0.24 என்று கெழுக்கள் கிடைத்தன. ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் 0.48 வந்தது. மனித நடத்தையைப் பற்றிய ஆய்வுகளில் இது நல்ல எண்தான். இணக்கத்துக்குக் கிடைத்தது 0.08 மட்டுமே. 'தங்கமான மனுஷன், யாரிடமும் ஒரு சொல் கடிந்து பேசமாட்டார்' என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சூப்பர்வைசராக்கும் பழக்கமுள்ளவர்கள் இந்த எண்ணைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்தப் பட்டியலில் முதலில் நிற்கும் புறமுக நாட்டத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. அதே ஆய்வில், ஒருவர் தலைவராகப் பிறர் கண்ணில் படுவதோடு புறமுக நாட்டத்துக்கு இருந்த தொடர்பு, தலைவரான பின் அவர் நன்றாகச் செயல்படுவதோடு இருந்த தொடர்பைவிட வலுவாக இருந்தது. மேலாளர் தளத்துக்கு வரும்போது யார் முந்திப் பேசுகிறாரோ அவரே நம் மனத்தில் சூப்பர்வைசராகப் பதிகிறார். லைனை ஓட்டுவது அதன் பிறகு வரும் வேறு வேலை. ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜினோ, டேவிட் ஹாஃப்மன் ஆகியோர் அமெரிக்கப் பீட்ஸா கடைகளில் செய்த ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்குகிறது. சொன்னதை மட்டும் செய்யும் ஊழியர்கள் இருந்த கடைகளில் கலகலப்பான மேலாளரின் கீழ் லாபம் 16 சதவீதம் அதிகமாக இருந்தது. தாமாக யோசனை சொல்லி முன்வரும் ஊழியர்கள் இருந்த கடைகளில் அதே வகை மேலாளரின் கீழ் லாபம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. எந்த ஆபரேஷனில் பீஸ் தேங்குகிறது, யாரை எந்த மெஷினுக்கு மாற்றினால் ஓட்டம் சீராகும் என்று டெய்லர்களே சொல்லக்கூடிய லைனில், வாய் ஓயாத சூப்பர்வைசர் ஒரு தடையாகவே ஆகக்கூடும்.

பொறுப்புணர்வில் இந்தச் சிக்கல் குறைவு. பாரிக், மவுண்ட் இருவரும் 1991இல் செய்த தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது) தொடங்கி, எந்த வேலையை எடுத்தாலும் பணித்திறனோடு ஓரளவு சேர்ந்தே வருவது இந்த ஒரு கூறுதான் என்பது திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. வினாக்களைப் பொதுவாகக் கேட்பதைவிட 'வேலையிடத்தில்' என்ற சொல்லைச் சேர்த்துக் கேட்டால் கணிப்பு மேம்படுகிறது என்பதும் தெரிந்ததே. வீட்டில் அலமாரியை அடுக்காதவர் பட்டன், ஜிப் போன்ற ட்ரிம்ஸ் பெட்டியை ஒழுங்காக அடுக்கி வைத்திருப்பார்; நமக்கு வேண்டியது இரண்டாவது தகவல் மட்டும்தான். ஆளுமைத் தேர்வின் பெரிய பலவீனம், பதவி வேண்டுபவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுப்பது என்பதாகும். 'எடுத்த வேலையை உடனே முடிப்பேன்' என்ற வாக்கியத்துக்கு எதிரே 'இல்லை' என்று குறியிடும் விண்ணப்பதாரர் அரிது.

இனி இரண்டாவது கொட்டேஷன். உணர்வுசார் நுண்ணறிவு என்ற ஒரே பெயரில் சந்தையில் வேறு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் 1990இல் இக்கருத்தை முன்வைத்தபோது அது ஓர் அறிவுத்திறனாகவே வரையறுக்கப்பட்டது: உணர்வைக் கண்டுகொள்ளுதல், அதைப் புரிந்துகொள்ளுதல், அதைக் கையாளுதல். டேனியல் கோல்மன் 1995இல் எழுதிய நூலும், 1998இல் தலைமையைப் பற்றி எழுதிய கட்டுரையும் இதை மேலாளர்களின் அன்றாடப் பேச்சாக்கின. அந்தப் பேச்சில் ஊக்கம், விடாமுயற்சி, தன்னம்பிக்கை, நேர்மை எல்லாம் இதே பெயரின் கீழ் வந்து சேர்ந்துகொண்டன. இதனால் இன்று கிடைக்கும் தேர்வுகளில் ஒரு வகை, முகப் படங்களையும் சூழல்களையும் கொடுத்துச் சரியான விடையைத் தேடச் சொல்கிறது; சாலவே, மேயர், கரூசோ மூவரின் 141 வினாக்கள் கொண்ட தேர்வு இதற்கு எடுத்துக்காட்டு. இன்னொரு வகை, ரூவன் பார்-ஆன் 1997இல் வெளியிட்ட 133 வினாக்கள் கொண்ட தேர்வைப் போல, 'பிறர் உணர்வை நான் எளிதில் புரிந்துகொள்வேன்' என்ற மாதிரியான கூற்றுகளுக்கு நம்மையே மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொல்கிறது. நடத்துவது சுலபம் என்பதால் கொட்டேஷனில் வருவது பெரும்பாலும் இரண்டாவது வகையே.

இந்த இரண்டாவது வகையைப் பற்றி என் முடிவைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன்: தேர்வுக்காக இதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். பீட்டர் ஹார்ம்ஸும் மார்கஸ் க்ரெடேயும் 2010இல் 62 மாதிரிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தலைவரின் உணர்வுத் திறனையும் அவருடைய தலைமைத் தரத்தையும் ஒரே ஆள் மதிப்பிட்டபோது கெழு 0.59 வந்தது, இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் மதிப்பிட்டபோது அது 0.12 ஆகச் சரிந்தது. முதல் எண்ணைத்தான் விற்பனைப் பிரதிநிதிகள் காட்டுவார்கள். 2015இல் டேனா ஜோசப்பும் உடனாய்வாளர்களும் இன்னொரு கேள்வியைக் கேட்டார்கள்: சுயமதிப்பீட்டு உணர்வுத் தேர்வு பணித்திறனைக் கணிக்கிறது என்றால், எதன் வலுவில் கணிக்கிறது? பொறுப்புணர்வு, புறமுக நாட்டம், மன உறுதி, பொது அறிவுத்திறன், தன்மீதுள்ள நம்பிக்கை முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்தபோது மிச்சம் எதுவும் நிற்கவில்லை. அதாவது, பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கும் ஆளுமை வினாக்களில் பெரும்பகுதியை வேறு உறையில் போட்டு விலைக்கு வாங்குகிறோம்.

திறனாக அளக்கும் முதல் வகையை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஜோசப்பும் டேனியல் நியூமனும் 2010இல் செய்த தொகுப்பாய்வில், உணர்வைக் கையாள்வதே வேலையின் பெரும்பகுதியாக உள்ள பணிகளில் இது பயன்படுகிறது என்றும், மற்றப் பணிகளில் அவ்வளவாக இல்லை என்றும் தெரிந்தது. லைன் சூப்பர்வைசர் வேலை எந்தப் பக்கம்? ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் மேலேயிருந்து வரும் அழுத்தத்தைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு, கீழே நாற்பது பேரிடம் அதை எந்த அளவில், எந்தக் குரலில் இறக்குவது என்று மணிக்கொரு தரம் முடிவு செய்கிறவருக்கு உணர்வைக் கையாள்வதும் வேலைதான் என்று நான் கருதுகிறேன். நடைமுறையில் இடிக்கும் இடம் வேறு. இத்தகைய தேர்வுகளில் சரியான விடை என்பது பெரும்பாலோரோ நிபுணர்களோ எதைத் தேர்ந்தார்கள் என்பதை வைத்தே நிர்ணயிக்கப்படுகிறது. அந்தப் பெரும்பாலோர் நம் ஊர்க்காரர்கள் அல்லர். படத்தில் இருக்கும் முகம் கோபத்தைக் காட்டுகிறதா, வெறுப்பைக் காட்டுகிறதா என்று கண்டுபிடிப்பதில் நூறு மதிப்பெண் வாங்கியவருக்கு, தலையைக் குனிந்துகொண்டு 'ஒண்ணுமில்லீங்க' என்று ஒரு டெய்லர் சொல்லும்போது அது உடல்நலக் குறைவா, வீட்டுப் பிரச்சினையா, பக்கத்து மெஷின்காரரோடு மனக்கசப்பா, அல்லது அடுத்த வாரம் வேறு கம்பெனிக்குப் போகப்போவதன் அறிகுறியா என்று பிடிபடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தமிழில் இதற்குக் குறிப்பறிதல் என்ற பழைய சொல் இருக்கிறது, அது முகத்தை மட்டும் படிப்பதில்லை.

உணர்வுத் திறனை அளந்து தலைவரைத் தேர்வதில் இன்னோர் ஆபத்து பேசப்படுவதே இல்லை. பிறர் மனம் எங்கே நோகும் என்று தெரிந்தவருக்கு அங்கே எப்படித் தட்டுவது என்பதும் தெரியும். ஸ்டெஃபன் கோட்டேயும் உடனாய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், உணர்வைக் கையாளும் அறிவு மிகுந்தவர்களுள் பொதுநல மனப்பாங்கு உடையவர்கள் அதைப் பிறர் நன்மைக்கும், சூழ்ச்சி மனப்பாங்கு உடையவர்கள் பிறரை மட்டம்தட்டவும் பயன்படுத்தினார்கள். ஆக, திறன் என்பது ஒரு கருவி. அது யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி மறுபடியும் ஆளுமையிடமே வந்து நிற்கிறது. தேர்வைப் பொறுத்தவரை ஆளுமையை முன்னால் வைப்பதற்கு எனக்கு இதுவே முக்கியமான காரணம், கெழுக்கள் இரண்டாம்பட்சம்.

ஆனால் மூன்றாவது கொட்டேஷன் கணக்கை மாற்றுகிறது, இங்கேதான் நம் தொழிலிலிருந்தே நேரடிச் சான்றும் உள்ளது. இந்தியாவின் பெரிய ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் லைன் வாரியாக இரண்டு ஆண்டுகளின் அன்றாட உற்பத்திக் கணக்கை எடுத்து, அதை லைன் மேலாளர்களின் குணங்களோடு பொருத்திப் பார்த்தார்கள் அச்யுதா அத்வர்யு, அனந்த் நிஷாதம், ஹோர்ஹே தமாயோ. தொழிலாளர்களின் மீது கவனம் செலுத்துவது, தானாக முன்வந்து பிரச்சினையைத் தீர்ப்பது, நடப்பது தன் கட்டுப்பாட்டில் உள்ளது என்ற மனநிலை ஆகியவை உற்பத்தியை உயர்த்தின. சம்பளத்திலோ அவற்றுக்கு உரிய மதிப்பு தரப்படவில்லை. இவற்றுள் சில ஆளுமையின் பக்கமும் சில பழகிக்கொள்ளும் பழக்கத்தின் பக்கமும் சாய்பவை.

அத்வர்யு, நிஷாதம் இருவரும் எமிர் முராதனோலுவும் சேர்ந்து செய்த மற்றொரு சோதனை இதைவிடச் சுவையானது. சூப்பர்வைசர்களுக்கான மென்திறன் பயிற்சிக்கு யாரை அனுப்பலாம் என்று அவர்களுக்கு மேலுள்ள மேலாளர்களிடம் கேட்டு வரிசைப்படுத்தினார்கள். பிறகு அந்த வரிசைகளுக்குள்ளேயே குலுக்கல் முறையில் இடம் கொடுத்தார்கள். மேலாளர்கள் வலுவாகப் பரிந்துரைத்தவர்களிடம் உற்பத்தி உயர்வு எதுவும் இல்லை. பரிந்துரையில் பின்னால் இருந்தவர்களிடம் அது 12 சதவீதம் உயர்ந்தது. பயிற்சி பெற்றவர்கள் வேலையை விட்டு விலகுவது மற்றவர்களைவிட 15 சதவீதம் குறைந்தது. இந்தப் பலன் பெரும்பாலும் வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டவர்களிடம் இருந்தது. ஒரு சூப்பர்வைசர் போய்விட்டால் புதியவரைத் தயார் செய்யும் பாடு தங்கள் தலையில் விழும் என்பதால், யாரைத் தக்கவைக்க வேண்டுமோ அவர்களையே மேலாளர்கள் பரிந்துரைத்திருந்தார்கள். அது தவறென்று சொல்ல மாட்டேன், அவர்களுடைய இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒப்பீட்டின் வடிவமே மாறிவிடுகிறது. ஆளுமை வயதோடு மெல்ல மாறுவதுதான். ஆயினும் ஒரு தொழிற்சாலை தன் செலவில், ஒரு காலாண்டுக்குள் மாற்றிக்கொள்ளக்கூடிய பொருள் அதுவன்று. எனவே உள்ளே எடுக்கும்போதே பார்த்து எடுக்க வேண்டியது அது. உணர்வுத் திறன் பயிற்சியால் வளர்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது, அளப்பதோ கடினம். அளக்கக் கடினமாகவும் வளர்க்க எளிதாகவும் உள்ள ஒன்றுக்குத் தேர்வுக் கட்டணம் செலுத்துவதைவிடப் பயிற்சிக் கட்டணம் செலுத்துவதே கணக்குக்குச் சரியாக வருகிறது. என் பரிந்துரை இதுதான்: பணத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள், ஆளுமைக்கு இலவச வினாக்களைத் தமிழில் கவனமாக மொழிபெயர்த்து, அவற்றையும் முடிவாகக் கொள்ளாமல் ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்களைப் பதினாறு எழுத்துச் சேர்க்கைகளாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை யாராவது சிபாரிசு செய்தால், ஆட்களைத் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே கூறுகிறார்கள் என்பதை நினைவூட்டினால் போதும்.

மருத்துவமனையில் ஒரு வார்டின் பொறுப்புச் செவிலியரையோ, கோபத்தோடு அழைக்கும் வாடிக்கையாளர்களைச் சமாளிக்கும் கால் சென்டரின் குழுத் தலைவரையோ தேர்ந்தெடுக்கும்போது இந்தத் தராசு உணர்வுத் திறனின் பக்கம் ஓரளவு சாயும். அங்கேயும் சுயமதிப்பீட்டுத் தாளை நான் நம்ப மாட்டேன். சூழலைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும் வகையையே நாடுவேன்.

அந்த வகையைத் தொழிற்சாலையிலேயே செலவின்றிச் செய்துவிடலாம் என்பது இந்த ஒப்பீட்டில் எளிதில் விட்டுப்போகும் நான்காவது வழி. சாக்கெட்டின் 2022 மறுகணக்கில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுகோலால் மதிப்பெண் இடும் நேர்காணலுக்கு 0.42 கிடைத்தது, வாய்க்கு வந்தபடி கேட்கும் நேர்காணலுக்கு 0.19. இரண்டு நேர்காணல்களுக்கும் செலவு ஒரே மேசையும் நாற்காலிகளும்தான். லைனில் உண்மையாக நடந்தவற்றிலிருந்து ஐந்தாறு கேள்விகளை எடுத்தால் போதும். நன்றாகத் தைக்கும் ஒருவர் மூன்று நாளாக ஆல்டரேஷன் (பிரித்துத் திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்) அதிகம் வரும்படி தைக்கிறார், என்ன செய்வீர்கள்? டார்கெட் எட்டவில்லை, மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் உங்களைத் திட்டிவிட்டுப் போகிறார், அடுத்த ஐந்து நிமிடம் எப்படிப் போகும்? உங்கள் நெருங்கிய தோழி தாமதமாக வருகிறார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எப்படிச் சொல்வீர்கள்? இவற்றுக்குக் கிடைக்கும் பதிலில் பொறுப்புணர்வும் வெளிப்படும், குறிப்பறியும் பாங்கும் வெளிப்படும்; இரண்டையும் தனித்தனித் தாளில் பிரித்து விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

தொடக்கத்தில் பார்த்த இருவரில் யாரைத் தேர்வது என்று கேட்டால், இருக்கும் தகவலை மட்டும் வைத்துச் செக்கிங் மேசைக்காரரையே நான் முதலில் சோதித்துப் பார்ப்பேன். பண்டில் கணக்கு தப்பாதது பொறுப்புணர்வுக்கும், புதியவர்கள் தாமாக வந்து பேசுவது உணர்வுத் திறனுக்கும் எந்த வினாத்தாளும் தராத அளவுக்கான சாட்சியங்கள். அவரிடம் குறைவாக இருக்கக்கூடியது, மேலாளரிடம் 'முடியாது' என்று சொல்லும் துணிவும், தோழியைக் கண்டிக்கும் துணிவும். பயிற்சிக் கட்டணம் அதற்குத்தான் போக வேண்டும். வேகமான கைக்குப் பதவி தராமலே ஊதியத்தையும் மதிப்பையும் உயர்த்த ஒரு தனி நிலை வேண்டும். புதியவர்களுக்கு இயந்திரம் பழக்கும் பொறுப்போடு அதைச் சேர்த்துக் கொடுக்கலாம். சூப்பர்வைசர் பதவியை மூன்று மாதத்துக்குச் சோதனையாகக் கொடுத்து, அந்த மூன்று மாதமும் லைனின் ஆல்டரேஷன் எண்ணிக்கை, சம்பளத்துக்கு மறுநாள் வராதவர்களின் எண்ணிக்கை, வேலையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பக்கத்து லைனோடு ஒப்பிட்டுக் குறித்துவர வேண்டும். சரிவரவில்லை என்றால் சம்பளம் குறையாமல் பழைய மேசைக்கே திரும்பலாம் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.